ஃப்ரெலா கூரையில் உட்கார்ந்த ஆட்டம்

ராதோஷின்காரர்கள் பொய்யை மன்னிப்பார்கள். இரவல் வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தராதவனையும் மன்னிப்பார்கள். ஆனால் தோற்றுப்போன ஆட்டத்துக்கு ஊரையே பியர் குடிக்க வைத்தவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். ரூஃபின் பியெலா அதைத்தான் செய்திருந்தான். வேண்டுமென்று செய்யவில்லை, தன் கையால்கூடச் செய்யவில்லை. இருந்தாலும் பழி முழுக்க அவன் தலையில்தான் விழுந்தது.

அது அறுபத்தைந்தாம் ஆண்டு இலையுதிர்காலம். சுரங்கத்தின் கால்பந்து அணியான கார்பன் முதன்முறையாக முதல் லீகுக்கு ஏறியிருந்தது. ஒரு சுரங்கம், ஒரு தேவாலயம், மூன்று மதுக்கடை. இவ்வளவுதான் ராதோஷின். அப்படிப்பட்ட ஊர் தலைநகரத்து அணியோடு மோதப்போகிறது என்றால் சும்மாவா? கல்யாணங்களைத் தள்ளிவைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு வந்த பாதிரியாரே ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் நேரம் குறித்தார்.

வெளியூர் ஆட்டங்கள்தான் தொல்லை. வானொலி இரவு ஒன்பது மணிக்குத்தான் முடிவு சொல்லும். அதுவரை யார் பொறுப்பது? ஊரில் பாதி ஆண்கள் புறா வளர்ப்பவர்கள், அதனால் வழி தானாகவே கிடைத்தது. கூடையில் புறாவோடு ஒருவன் ரயிலேறுவான். ஆட்டம் முடிந்ததும் புறாவின் காலில் கம்பளி நூல் கட்டிப் பறக்க விடுவான். சிவப்பு நூல் என்றால் ஜெயித்தோம். ரூஃபினின் புறாக்கள்தான் வேகம் என்பதால் அந்தப் பெருமை அவனுக்குக் கிடைத்தது. கூடை தூக்குகிற வேலை அவன் உயிர் நண்பன் ஜெஃபெலுக்கு.

ஜெஃபெல் நல்லவன்தான், பிளாஸ்கில் காப்பி மட்டும் இருக்கிறவரை. நவம்பரில் இரும்பாலை ஊரில் நடந்த ஆட்டத்தில் ஒரு கோல் முன்னால் இருந்தோம். முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. பிளாஸ்கில் இருந்தது காப்பி இல்லை. ஆனந்தம் தாங்காமல் சிவப்பு நூலைக் கட்டிப் புறாவை விட்டுவிட்டான். புறா ஊருக்குப் பறந்துகொண்டிருந்தபோது எதிரணி இரண்டு கோல் அடித்துவிட்டது.

இங்கே என்ன நடந்தது என்று சொல்லவும் வேண்டுமா? கிளப் செயலாளர் காலுஸ் தன் செலவில் ஒரு பீப்பாய் பியரைத் திறந்தார். சுரங்கத்தின் பேண்டு வாத்தியக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். ஒன்பது மணிக்கு வானொலி உண்மையைச் சொன்னபோது பீப்பாயில் ஒரு சொட்டு மிச்சமில்லை. காலுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புளுகுப் புறா வளர்க்கிறான்யா இவன்," என்றார். பெயர் அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு கார்பன் தோற்ற ஒவ்வொரு ஞாயிறும் யாராவது ஒருவன் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து, "ரூஃபின் அண்ணே, இன்னிக்கு எத்தனை கோல்ல ஜெயிச்சோம்?" என்று கேட்டுவிட்டுப் போவான். ரூஃபின் ஜெஃபெலோடு பேசுவதை நிறுத்தினான். ஜெஃபெல் வேலியோரம் வந்து நிற்பான், உள்ளே வர மாட்டான்.

இப்படியே சீசனின் கடைசி ஞாயிறும் வந்தது, ஜூன் மாதம். நிலைமை இதுதான்: கார்பனுக்கும் வில்கோவ் ஊரின் நெசவாலை அணிக்கும் சமமான புள்ளிகள். இரண்டில் ஒன்று லீகிலிருந்து கீழே போகும். கோல் கணக்கில் நெசவாலைக்காரர்கள் நம்மைவிட மேலே. அவர்கள் தோற்றால் நாம் டிரா செய்தாலே போதும். அவர்கள் டிரா செய்தால் நாம் ஜெயித்தே ஆக வேண்டும். அவர்கள் ஜெயித்தால் நாம் தலைகீழாக நின்றாலும் கதை முடிந்தது. நம் ஆட்டம் இங்கே ராதோஷினில், அவர்கள் ஆட்டம் வில்கோவில், இரண்டும் ஒரே நேரத்தில்.

"புறா கிறா எல்லாம் வேண்டாம்," என்று காலுஸ் முன்பே சொல்லிவிட்டார். "நம்ம ஆபீஸ் ஆளை வில்கோவுக்கு அனுப்பறேன். நிர்வாகத்தோட தனி லைன்ல போன் பண்ணுவான். போன் குடிக்காது."

அந்தக் கடைசி வார்த்தை ரூஃபினைச் சுட்டது. சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"சாப்பிடுய்யா. ஆறுது," என்றாள் அவன் மனைவி எல்சா.

"ஒரே ஒரு தடவை எல்சா. ஒரே தடவை என் புறா உண்மையைக் கொண்டுவந்தாப் போதும். அப்புறம் என்னை என்ன வேணா சொல்லட்டும். கூடையைத் தூக்கிட்டுப் போகத்தான் ஆளில்ல. என் புறாவோட போனா அவனுங்க பேரும் கெட்டுடுமாம்."

"நான் போறேன்."

ரூஃபின் சிரித்துவிட்டான். "நீயா? பந்து உருண்டையா சதுரமான்னே உனக்குத் தெரியாதே!"

"எதுக்குத் தெரியணும்? முடிஞ்சப்புறம் விடணும், அவ்வளவுதானே?"

எல்சாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் சுரங்கத்தின் விளக்கு அறையில் வேலை பார்த்தாள். கீழே இறங்குகிற ஒவ்வொருவனும் எண் பொறித்த தன் பித்தளை வில்லையை ஜன்னலில் வைத்தால்தான் விளக்கைத் தருவாள். விளக்கு எல்லாம் திரும்பி வரும்வரை, அதாவது ஆள் எல்லாம் மேலே வரும்வரை, தன் நாற்காலியை விட்டு எழ மாட்டாள். ஒரு தடவை சுரங்கத்துக்குப் புதிதாக வந்த இயக்குநரே வில்லை இல்லாமல் கை நீட்டினார். "நான் யாருன்னு தெரியுதாம்மா?" என்றார். "தெரியாது. அதுக்குத்தான் வில்லை," என்றாள் எல்சா. அவர் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஊரில் அவளைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அவள் வார்த்தையைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் இல்லை.

ரூஃபின் அவளுடைய பின்னல் கூடையிலிருந்தே மூன்று நூல் வெட்டினான். "அவங்க ஜெயிச்சா சிவப்பு, டிரான்னா கறுப்பு, தோத்தா வெள்ளை. நம்ம ஆட்டத்தைப் பத்திக் கவலைப்படாத. பச்சைச் சட்டைக்காரங்க என்ன ஆனாங்கன்னு மட்டும் பாரு."

"ஃப்ரெலாவையா அனுப்பற?"

"அவதான். கூட்டுல குஞ்சு இருக்கு. அதுங்களை நெனச்சுக்கிட்டு எங்கயும் நிக்காம வருவா."

"நிக்காம வர்ற பொம்பளைன்னு நம்ம வீட்டுல அவ ஒருத்தியையாவது ஒத்துக்கிட்டியே," என்று சொல்லிவிட்டு எல்சா தட்டுகளை எடுத்தாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் அவள் நல்ல உடுப்போடு, கையில் கூடையோடு ரயிலேறினாள். மதியம் வரை வெயில் கொளுத்தியது. மூன்று மணிக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொண்டது பாருங்கள், அரை மணியில் மைதானம் குளமாகிவிட்டது. நடுவர் குடையோடு வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வேறு ஊராக இருந்தால் ஆட்டம் அன்று அவ்வளவுதான். இது சுரங்க ஊர் ஆயிற்றே! தண்ணீர் இறைக்கிற ஆட்கள் பம்புகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், குழாய்களை இழுத்துப் போட்டார்கள். தெற்கு கோல் கம்பத்துக்கு முன்னால் மட்டும் ஒரு குட்டை மிச்சம். அதற்குள் நடுவர் போதும் என்று கையைக் காட்டிவிட்டார். ஆட்டம் ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.

ரூஃபினின் முற்றம் வடக்கு கோலுக்குப் பின்னால், வேலிக்கு இந்தப்பக்கம். கரிக்கொட்டகை மேலே புறாக்கூண்டு, அதற்குப் பின்னால் செங்கல் குடியிருப்பின் உயரமான கூரை. ஏணியில் நின்றால் மைதானம் முக்கால்வாசி தெரியும். ஆனால் ரூஃபின் பார்த்துக்கொண்டிருந்தது வானத்தை. கூட்டத்தின் சத்தத்தை வைத்தே ஆட்டத்தைத் தெரிந்துகொண்டான். ஒரு பெரிய முனகல்: நாம் கோல் வாங்கினோம். கொஞ்ச நேரத்தில் ஏணியே ஆடுகிற மாதிரி ஓர் அலறல்: நாம் அடித்துவிட்டோம். ஒன்றுக்கு ஒன்று.

இடைவேளையில் ஒலிபெருக்கி கரகரத்தது. காலுஸின் குரல்தான். "வில்கோவிலிருந்து போன் வந்திருக்கு! ஆட்டம் முடிஞ்சது! நெசவாலை தோத்துடுச்சு! ஒண்ணுக்கு சைபர்!"

மைதானம் அதிர்ந்தது. டிரா போதும்! தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சிவப்புக் கொடிகள் எழும்பின, மரக் கிலுகிலுப்பைகள் கடகடத்தன. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ரூஃபின் அண்ணே, போனே வந்தாச்சு. இனிமே புறாவைச் சூப்பு வெச்சுடலாம்!" என்றான்.

ரூஃபினும் சந்தோஷப்பட்டான், இல்லை என்று சொல்ல முடியாது. கிளப் பிழைத்ததே! ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ கசந்தது. ஃப்ரெலா இனி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? போன் ஏற்கெனவே சொல்லிவிட்டதைத்தான் அவளும் சொல்லப்போகிறாள். அவன் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாம் பாதியில் கார்பன் ஆட்டக்காரர்கள் பந்தைக் குழந்தையைப் போலப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பின்னால் தள்ளு, பக்கத்தில் தள்ளு, கோல்கீப்பரிடம் கொடு. முன்னால் போகவே இல்லை. கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது, மேற்கே மேகம் விலகிய இடத்தில், ரூஃபின் ஒரு புள்ளியைப் பார்த்தான்.

"வந்துட்டா! என் கண்ணு வந்துட்டா!"

ஃப்ரெலா தாழ வந்தாள். கூண்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டாள். அந்த நேரம் பார்த்து வடக்குப் பக்கக் கூட்டம் மொத்தமாகக் கொடியை ஆட்டிக் கத்தியது. புறா சடாரென்று திரும்பி, குடியிருப்புக் கூரையின் புகைபோக்கியில் போய் உட்கார்ந்துகொண்டது. ரூஃபின் பட்டாணி டப்பாவைக் குலுக்கினான். அந்தக் கூச்சலில் அவனுக்கே அது கேட்கவில்லை.

கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். சூரியன் அவளுக்குப் பின்னால். கால் தெரிந்தது, நூலும் தெரிந்தது. வெள்ளை நூல் என்றால் அவ்வளவு தூரத்திலும் பளிச்சென்று தெரிய வேண்டும். இது பளிச்சென்று இல்லை. இருட்டாக ஏதோ ஒன்று. சிவப்பா, கறுப்பா?

சிவப்பு என்றால் எல்லாம் போயிற்று. கறுப்பு என்றால் இன்னும் ஒரு கோல் வேண்டும். அது தெரியாமல் பதினொரு முட்டாள்கள் பந்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்!

ஏணியிலிருந்து குதித்து வேலிக்கு ஓடினான். அங்கே வழக்கமான இடத்தில் ஜெஃபெல் நின்றிருந்தான். ஏழு மாதமாக ஒரு வார்த்தை பேசாதவனிடம் ரூஃபின் பேசினான்.

"ஜெஃபெல், ஃப்ரெலா கூரைல. நூல் வெள்ளை இல்லடா."

ஜெஃபெல் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கூரையைப் பார்த்தான், கொடிகளைப் பார்த்தான். திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்து, ஆயுசிலேயே கத்தாத கத்தலாகக் கத்தினான்.

"புறா கூரைல! புறா கூரைல!"

ராதோஷினில் பிறந்த எவனுக்கும் அந்த இரண்டு வார்த்தை போதும். புறாப் பந்தய நாளில் அடுத்த வீட்டுப் புறா கூண்டுக்குள் இறங்காமல் கூரையில் உட்கார்ந்துவிட்டால் தெருவே வாயை மூடிக்கொள்ள வேண்டும். காயப்போட்ட துணியை எடுத்துவிட வேண்டும், நாயைக் கட்ட வேண்டும், அழுகிற பிள்ளையை உள்ளே தூக்கிப்போக வேண்டும். தொட்டில் காலத்திலிருந்து பழகியது. வடக்கு வேலியில் இருந்தவர்கள் பாட்டை நடுவரியில் நிறுத்தினார்கள். கொடிகள் இறங்கின. ஜெஃபெல் வேலியோரமாக ஓடினான், உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. "புறா கூரைல... யோவ், கிலுகிலுப்பையை வைய்யா கீழே!" மேற்கு வரிசை அடங்கியது, பிறகு தெற்கு. கடைசியில் காலுஸே ஒலிபெருக்கியை நிறுத்தினார். எதற்கு என்று யோசிக்கவில்லை, பழக்கம் நிறுத்தவைத்தது. அவர் வீட்டிலும் முப்பது புறா.

எட்டாயிரம் பேர், மூச்சுச் சத்தம்கூட இல்லை. பந்தை உதைக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. வெளியூர் ஆட்டக்காரர்கள் மிரண்டுபோய்ச் சுற்றிலும் பார்த்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் போல என்று நினைத்த அவர்கள் கேப்டன் சிலுவைக் குறி போட்டான். அவர்களில் ஒரு நெட்டையன் மட்டும் எதையும் கவனிக்காமல் பந்தோடு உள்ளே புகுந்து ஓங்கி அடித்தான். கம்பத்தில் பட்டு 'டங்' என்றது. எட்டாயிரம் பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஒருவன்கூட வாய் திறக்கவில்லை.

ரூஃபின் டப்பாவைக் குலுக்கினான். பட்டாணி கலகலத்தது. கூண்டுக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன.

ஃப்ரெலா தலையைச் சாய்த்தாள். பிறகு, இவ்வளவு நேரம் சும்மா ஓய்வெடுத்தேன் என்பது போல, இறங்கிக் கூண்டுக்குள் நடந்தாள்.

ரூஃபின் அவளைப் பிடித்தான். காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சு மேல் முடிச்சாகப் போட்ட நூல். கறுப்பு.

புறாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலியின் பிளவுக்குள் நுழைந்து ஓடினான். தடுக்க வந்த காவலர் அவன் முகத்தைப் பார்த்து விலகினார். பயிற்சியாளர் ப்ரெகூலா ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்கு முன்னால் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் காலுஸ்.

"கோச்! டிரா! வில்கோவ்ல டிரா! நாம ஜெயிச்சே ஆகணும்!"

"ஆரம்பிச்சுட்டான்யா புளுகன்!" என்று காலுஸ் பாய்ந்தார். "ப்ரெகூலா, இவன் பேச்சைக் கேக்காத. போன் வந்தாச்சு, நானே காதால கேட்டேன். இப்ப முன்னால ஏறினா பின்னால திறந்துடும். ஒரு கோல் வாங்கினா ஊரோட மானம் கப்பலேறிடும்!"

"போன் திரும்ப போட்டுக் கேளுங்க!"

"மழைல நனைஞ்ச லைன், அந்த ஒரு போனோட செத்துப்போச்சு!"

ப்ரெகூலா ரூஃபினைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ரூஃபின், போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கில்ல? இது பொய்யாப் போச்சுன்னா நீயும் நானும் இந்த ஊர்ல இருக்க முடியாது."

அந்த ஒரு நொடி ரூஃபினுக்கே சந்தேகம் வந்தது. எல்சா நூலை மாற்றிக் கட்டியிருந்தால்? பந்தையே பார்த்தறியாதவள். ஆள் வைத்துச் சொன்ன போன் பொய்யா சொல்லும்? சட்டைக்குள் ஃப்ரெலாவின் நெஞ்சு அவன் நெஞ்சோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

"யாரு புறாவை விட்டது? ஜெஃபெல்தான் இங்க நிக்கிறானே?" என்று ப்ரெகூலா கேட்டார்.

"எல்சா."

"எந்த எல்சா?"

"என் எல்சா. விளக்கு ரூம் எல்சா."

ப்ரெகூலா பயிற்சியாளர் ஆவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் நிலக்கரி வெட்டியவர். கல்யாணத்துக்கு மறுநாள், பாவம், மயக்கத்தில் வில்லையை மறந்துவிட்டுப் போய், எல்சாவிடம் கெஞ்சி, விளக்கு கிடைக்காமல் ஒரு நாள் கூலியை இழந்தவர்.

"லவுட்ஸ்பீக்கர்லயே சொல்லியாச்சு ப்ரெகூலா!" என்றார் காலுஸ்.

"உங்க லவுட்ஸ்பீக்கர் வில்லை கேக்குமாய்யா?" என்று கத்திவிட்டு ப்ரெகூலா தொப்பியைத் தரையில் அடித்தார். கோட்டோரம் ஓடினார். "டேய்! எல்லாரும் மேல ஏறுங்கடா! ஒரு கோல் வேணும்! டிரா பத்தாது! எல்சா சொல்லிட்டா!"

கடைசி இரண்டு வார்த்தை மைதானத்துக்குள் எப்படிப் பரவிற்று என்று கேட்காதீர்கள். ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான். கேப்டன் ஆகிம் நின்ற இடத்தில் நின்று, "எல்சாவா?" என்றான். அடுத்த நொடி அணி மொத்தமும் முன்னால் பாய்ந்தது. கூட்டத்துக்கும் விஷயம் எட்டியது. வைத்திருந்த சத்தத்தை எல்லாம் வட்டியோடு சேர்த்து விட்டார்கள் பாருங்கள், மூன்று தெரு தள்ளி தேவாலய ஜன்னல் கண்ணாடி கிலுகிலுத்ததாம்.

ஐந்து நிமிடம். ஒரு கார்னர், பிறகு இன்னொன்று. கோல்கீப்பரே நடுக்கோடு வரை வந்துவிட்டான். வெளியூர்க்காரர்கள் இவ்வளவு நேரம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று பேய் பிடித்த மாதிரி மேலே விழுகிறவர்களைப் பார்த்து அரண்டுபோனார்கள். ரூஃபின் பெஞ்சோரம் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது ஆகிம் தூரத்திலிருந்து அடித்தான். நல்ல அடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பந்து தரையோடு உருண்டு தெற்கு கோலுக்கு நேராகப் போயிற்று. கோல்கீப்பர் அது வந்து கையில் விழும் என்று நிதானமாகக் குனிந்தான். பந்து வரவில்லை. பம்புக்காரர்கள் விட்டுவைத்த குட்டையில் சப்பென்று நின்றுவிட்டது! அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வலப்பக்கத்திலிருந்து குள்ளன் வாலெக் சறுக்கிக்கொண்டே வந்து, தண்ணீரும் சேறும் பந்துமாக எல்லாவற்றையும் சேர்த்து வலைக்குள் தள்ளினான்.

ரூஃபினுக்கு அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. யாரோ அவனைத் தூக்கினார்கள். அவன், "புறா! புறா! நசுக்காதீங்கடா!" என்று கத்திக்கொண்டே அழுதான்.

இரண்டுக்கு ஒன்று. விசில் அடித்தாயிற்று. ஆனால் காலுஸ் மட்டும் கல் மாதிரி நின்றிருந்தார். "ஜெயிச்சது சந்தோஷம்தான்," என்றார். "ஆனா ஜெயிக்கத் தேவையே இல்லாம இருந்திருந்தா? நம்ம பின்பக்கத்தைத் திறந்துபோட்டுச் சூதாடியிருக்கோம்யா." இன்னும் சிலர் தலையை ஆட்டினார்கள். ரூஃபின் பெயர் இன்னும் நூலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாரும் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். பேண்டு வாத்தியமும் போயிற்று. எல்சா வெறும் கூடையோடு இறங்கினாள், கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்ன இது, எவனாவது செத்துட்டானா?"

காலுஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "எல்சாக்கா, வில்கோவ்ல என்ன ஆச்சு?"

"ஏன், ஃப்ரெலா வரலியா? கறுப்பு நூல் கட்டி அனுப்பினேனே."

"தோத்துட்டாங்கன்னு நம்ம ஆபீஸ் ஆளு போன்ல..."

"அவனா!" எல்சா மூக்கைச் சுருக்கினாள். "கடைசில பச்சைச் சட்டைக்காரங்க ஒரு கோல் வாங்கினாங்க. உடனே எழுந்து ஓடினான். எல்லாரும் போனுக்கு வந்துடுவாங்களாம், முன்னாடியே போய் நிக்கணுமாம். அவன் போன பிறகு விசில் அடிச்சாங்க. சுத்தி இருந்தவங்க எல்லாம் எழுந்து நின்னு கத்தறாங்க. நானும் முடிஞ்சதுன்னுதான் நெனச்சேன். வெள்ளை நூலை எடுத்துக் கட்டிட்டேன். கூடையையும் திறந்துட்டேன்."

ரூஃபின் ஓரடி முன்னால் வந்தான். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? பாத்தா ஒருத்தனும் வெளிய வரல. இருபத்தி ரெண்டு பேரும் உள்ளயே நிக்கறாங்க. ஆளுங்க மேல வராம எப்படி ஷிப்ட் முடியும்? மூடியைச் சாத்திட்டேன். அது பெனால்டி விசிலாம். அடிச்சாங்க, ஒண்ணுக்கு ஒண்ணு ஆச்சு. கடைசி ஆளு மைதானத்தை விட்டு வெளிய வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். வெள்ளையை அவுத்துட்டுக் கறுப்பைக் கட்டி, முடிச்சு மேல முடிச்சாப் போட்டு விட்டேன்." சுற்றிப் பார்த்தாள். அவள் குரல் முதன்முறையாகக் கொஞ்சம் தணிந்தது. "சொல்லுய்யா. நாம என்ன ஆனோம்?"

நாம். இருபது வருஷத்தில் பந்தாட்டத்தைப் பற்றி அவள் வாயிலிருந்து வராத வார்த்தை.

"மேலயே இருக்கோம் எல்சா," என்றான் ரூஃபின்.

எல்சா தலையை ஆட்டினாள். கூட்டத்தின் ஓரத்தில் பதுங்கி நின்ற ஜெஃபெலைப் பார்த்து வெறும் கூடையை நீட்டினாள். "இந்தா, பிடி. அடுத்த சீசன்ல நீதான் போற. எனக்கு அந்த மரப் பெஞ்சு ஒத்துக்கல." ஜெஃபெல் ரூஃபினைப் பார்த்தான். ரூஃபின், "வாடா வீட்டுக்கு, குஞ்சுகளைப் பாத்துட்டுப் போ," என்றான்.

மதுக்கடையில் காலுஸ் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்து குழாயில் கையை வைத்தார். "நிறுத்துங்க!" என்றாள் எல்சா. "ரேடியோ சொல்லட்டும். அப்புறம் ஊத்துங்க."

காலிக் கோப்பைகளோடு அத்தனை பேரும் வானொலியைச் சுற்றி நின்றார்கள், அன்று இரண்டாவது முறையாக ராதோஷின் வாயைப் பொத்திக்கொண்டது. ஒன்பது மணிக்கு அறிவிப்பாளர் சாவகாசமாக ஒவ்வொரு ஊராகப் படித்தார். வில்கோவ்: ஒன்றுக்கு ஒன்று. ராதோஷின்: இரண்டுக்கு ஒன்று.

காலுஸ் குழாயைத் திறந்தார். நுரை வழிந்த முதல் கோப்பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ரூஃபினுக்கு முன்னால் வைத்தார். ஏழு மாதமாக வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஊர் கேட்டு வந்த அதே கேள்வியை, இந்தத் தடவை தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சிரிக்காமல் கேட்டார்.

"ரூஃபின் அண்ணே, இன்னிக்கு எத்தனை கோல்ல ஜெயிச்சோம்?"